கமத்தொழிற் கழிவுகளும் உக்குங் கூட்டுப்பொருள்களும்

கொழும்பு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் நண்பகல் வேளையிற் கட்டிக் கொடுக்கப்படும் சோற்றுப் பொதி, ஒரு காலத்தில் வாழையிலையிலும் தாமரையிலையிலும் கட்டப்பட்டது. பின்னர் இலையின் இடத்தைப் பொலித்தீன் தாள் பிடித்துக்கொண்டது. பொதியினுள் இருக்கும் சோறு நெற்செய்கையாளர் விளைவித்தது. கறி மரக்கறிச் செய்கையாளர் அனுப்பியது. உண்டவர் கை கழுவியபின் எஞ்சுவது தாள் ஒன்றே. சோறு அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது. தாளோ உண்டவருடைய பேரப்பிள்ளைகளின் காலத்திலும் மண்ணில் உக்காமற் கிடக்கும்.

இத்தகைய தாள்களும் பைகளும் கறிக்கழிவோடு கலந்து முதலிற் கொட்டாஞ்சேனையை அடுத்த புளுமெண்டாலில் மேடாகக் குவிந்தன. அம்மேடு மூடப்பட்டபின் நகரின் குப்பை மீதொட்டமுல்லைக்குச் சென்றது. 2017 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆம் நாள், புத்தாண்டுத் தினத்திலேயே, அக்குப்பை மலை சரிந்து அருகிலிருந்த வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொழும்புக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது மரக்கறித் தோல், சோறு, இலை ஆகிய உக்கும் பொருளாகும். தனியே பிரிக்கப்பட்டிருந்தால் அது தோட்டங்களுக்கு எருவாகத் திரும்பியிருக்கும். உக்காத பொருளுடன் கலந்தமையால் அது எருவுமாகவில்லை. அகற்றுவதற்கு எளிதாகவும் இருக்கவில்லை.

2007 ஆம் ஆண்டிலேயே 20 மைக்கிரோனுக்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீன் இலங்கையில் தடை செய்யப்பட்டது. மீதொட்டமுல்லை அனர்த்தத்தின் பின், 2017 செத்தெம்பரில், பொலித்தீன் உணவுத் தாளும் கடைப்பைகளும் நுரைப்பெட்டிகளும் தடைக்குள்ளாயின. 2023 ஆம் ஆண்டில் உறிஞ்சு குழல், கரண்டி, தட்டு முதலியவற்றோடு இடியப்பத் தட்டும் அப்பட்டியலிற் சேர்ந்தது. தடை போடுவது ஒரு வேலை. தடுக்கப்பட்ட பொருளின் இடத்தில் வேறொன்றை வைப்பது மற்றொரு வேலை. இரண்டாவது வேலைக்கு வேண்டிய மூலப்பொருள் பெரும்பாலும் கமக்காரரின் களத்திலும் வளவிலுமே கிடக்கின்றது. ஆகவே இவ்விடயத்தை நகரத்தாருக்கு மட்டும் உரியதென விட்டுவிடுதல் தகாது.

கூட்டுப்பொருள் என்பது யாது?

தனித்து நின்றால் வலுக்குன்றிய இரண்டு பொருள்களை இணைத்து, இரண்டினும் வலிய மூன்றாவது பொருளொன்றை ஆக்கினால் அது கூட்டுப்பொருள் எனப்படும். அவற்றுள் ஒன்று நாராகவோ தூளாகவோ இருந்து பாரத்தைத் தாங்கும். மற்றது பசையாக நின்று அந்நாரைப் பிடித்து வைக்கும். வைக்கோல் கலந்து குழைத்த மண்சுவர் கூட்டுப்பொருளே. சாணமிட்டு மெழுகிய கூடையும் அவ்வாறானதே. கஞ்சி போட்டுப் பெட்டி தேய்த்த வேட்டி விறைப்பாக நிற்பதைக் காணாதவர் இல்லை. பருத்தி நார் செல்லுலோசு, கஞ்சி மாப்பொருள். அவ்விரண்டும் சேர்ந்தபோது துணி தாளைப்போல் நிமிர்ந்து நிற்கின்றது. மழையில் நனைந்தவுடன் அவ்விறைப்பு போய்விடுவதையும் அனைவரும் அறிவர். இக்கட்டுரையிற் கூறப்படும் பொருள்களின் வலிமையும் குறைபாடும் அந்த வேட்டியிலேயே அடங்கியுள்ளன.

செல்லுலோசு, மாப்பொருள், இலிக்னின், இறப்பர் ஆகியவை இயற்கைப் பல்பகுதியங்கள். பல்பகுதியம் என்றாற் சிறிய அணுத்திரள்கள் ஆயிரக்கணக்கிற் சங்கிலியாகக் கோக்கப்பட்டது என்பது பொருள். பொலித்தீனும் ஒரு பல்பகுதியமே. வேறுபாடு யாதெனில், செல்லுலோசுச் சங்கிலியை வெட்டுதற்குரிய நொதியம் மண்ணிலுள்ள பூஞ்சணங்களிடமும் பற்றீரியாக்களிடமும் உண்டு. பொலித்தீன் சங்கிலியை அவற்றால் எளிதில் வெட்ட இயலாது. மரம் தோன்றிய காலந்தொட்டு மரத்தை உண்ணும் நுண்ணுயிரும் உண்டு. பொலித்தீன் தோன்றி ஒரு நூற்றாண்டுகூட நிறையவில்லை.

தும்பும் இறப்பர்ப் பாலும்

இலங்கையில் நெடுங்காலமாகத் தொழில் முறையிற் செய்யப்படும் உண்மையான கூட்டுப்பொருள் இறப்பரிட்ட தும்பாகும். இதன் இரு பகுதிகளும் இந்நாட்டிலேயே விளைபவை. இறப்பர் மரம் இங்கு அந்நியமாக வந்தது: 1876 ஆம் ஆண்டில் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து அனுப்பப்பட்ட நாற்றுகள் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. தென்னையோ அதற்கு எவ்வளவோ காலம் முந்தியது.

தும்பின் தனித்தன்மை அதன் இலிக்னினாகும். தென்னந் தும்பில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பங்கு இலிக்னின் உண்டு. பருத்தியில் அது இல்லையென்றே கூறலாம். தும்பு உவர்நீரிலும் உக்காமல் நிற்பதற்கும் கயிறு நெடுநாள் உழைப்பதற்கும் காரணம் இதுவே. தும்பை முதலிற் கயிறாக இறுக முறுக்கிச் சில நாள் வைப்பர். பின்னர் முறுக்கைப் பிரித்துக் கோதினால் ஒவ்வொரு நாரும் சுருண்டு வில்லைப்போல் நிற்கும். அதனைப் படுக்கையாகப் பரப்பி, கந்தகம் முதலியன கலந்த இறப்பர்ப் பாலை இரு புறமும் தெளித்து, உலர்த்தி, அச்சிலிட்டு வெப்பமேற்றுவர். நாரும் நாரும் தொடும் இடந்தோறும் இறப்பர் ஒரு முடிச்சாகின்றது. மெத்தையும் இருக்கையும் மட்டுமன்றி நாற்றுச் சாடிகளும் தொங்கு கூடைகளும் இவ்வாறே செய்யப்பட்டு வெளிநாடுகளுக்குச் செல்கின்றன.

மரத்திலிருந்து வடியும் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 வரையான பங்கே இறப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். தொழிற்சாலைகளில் அதனைச் சுழற்றி 60 பங்கு வரை செறிவாக்கி, உறையாதிருக்க அமோனியாச் சேர்ப்பர். எனவே இது வீட்டு முற்றத்தில் எளிதிற் செய்யக்கூடிய தொழிலன்று. மற்றொன்றையும் மறைக்காமற் கூறுதல் வேண்டும். கந்தகத்தால் இறுக்கப்பட்ட இறப்பர் மண்ணில் மெதுவாகவே அழியும். இறப்பரிட்ட தும்புச் சாடி உக்கும் பொருளே எனினும், வாழையிலையைப்போல் ஒரு மாதத்தில் மறைந்துவிடும் என எதிர்பார்த்தல் தவறு. சாடி நெடுநாள் நிற்க வேண்டிய இடத்தில் அம்மந்தம் நன்மையாகும். ஒரு வேளைச் சோற்றுக்குரிய தாளுக்கு அது பொருந்தாது.

சோற்றுத் தட்டுக்குக் கமுகமடல் மேலானது. கமுகிலிருந்து தானாக உதிரும் மடலைக் கழுவி, ஈரத்துடன் சூடான அச்சின் கீழ் அழுத்தினால் தட்டு உருவாகின்றது. பசை எதுவும் சேர்ப்பதில்லை. மடலிலுள்ள இலிக்னின் வெப்பத்தில் இளகி, ஆறும்போது புதிய வடிவில் இறுகுகின்றது. நாரும் பசையும் சேர்ந்த கூட்டுப்பொருளைக் கமுகே செய்து கொடுத்துவிடுகின்றது. மனிதன் செய்வது வளைப்பது மட்டுமே.

வைக்கோலை விற்கலாமா?

ஏறத்தாழ எவ்வளவு நெல் விளைகின்றதோ அவ்வளவு வைக்கோலும் கிடைக்கின்றது. இத்துணைப் பெரிய நார்க்குவியலைக் கண்டு தொழில் தொடங்க எண்ணியோர் முன்பும் இருந்தனர். 1950களில் வாழைச்சேனையில் நிறுவப்பட்ட காகித ஆலை வைக்கோலையும் இலுக்குப் புல்லையும் மூலப்பொருளாகக் கொண்டது. பின்னர் எம்பிலிப்பிட்டியில் அமைந்த ஆலையும் வைக்கோலை நாடியது. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை மிகுதியாக உறிஞ்சி இலையிலும் உமியிலும் சேர்க்கின்றது. பயிர் நிமிர்ந்து நிற்கவும் பூச்சிகளை எதிர்க்கவும் அது உதவும். ஆனால் வைக்கோலைக் காரத்திற் கூழாக்கும்போது அச்சிலிக்காவும் கரைந்து கரிய கழிவு நீரிற் கலக்கின்றது. மரக்கூழ் ஆலைகள் அந்நீரை வற்றவைத்து எரித்துக் காரத்தை மீட்பதுபோல் வைக்கோல் ஆலைகளால் எளிதில் மீட்க முடிவதில்லை. சிலிக்கா கொதிகலன்களிற் படிந்துவிடுகின்றது. மீட்கப்படாத நீர் ஆற்றையே தேடிச் செல்லும். உக்கும் பொருளைச் செய்வதற்கு ஆற்றைக் கெடுப்பதிற் பயனில்லை.

இதனினும் நெருக்கமான காரணம் வயலில் உண்டு. ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 15 கிலோ பொற்றாசியமும் 5 முதல் 8 கிலோ வரை நைதரசனும் அடங்கியுள்ளன. நெற்பயிர் எடுக்கும் பொற்றாசியத்திற் பெரும்பகுதி மணிக்குச் செல்லாமல் வைக்கோலிலேயே தங்குகின்றது. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது பசளையின் அருமையைக் கமக்காரர் யாவரும் அறிந்தனர். வண்டிக்காரர் வரம்பில் நின்று வைக்கோலுக்கு விலை பேசும்போது, அவர் ஏற்றிச் செல்வது நார் மட்டுமன்று, அடுத்த போகத்துக்குரிய பசளையும் அதிலுண்டு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். சூடடித்தபின் வைக்கோலை வயலிலேயே பரப்பி உக்கவிடுதலே பொது விதி. களத்துமேட்டில் மிஞ்சிக் கிடந்து தீயிடப்படும் வைக்கோலையே வேறு வேலைக்கு எடுத்தல் நன்று.

உமியின் நிலை வேறு. அது வயலுக்குத் திரும்பாமல் ஆலையிற் குவிகின்றது. நெல்லின் எடையில் ஐந்திலொரு பங்கு உமி. உமியை முற்றாக எரித்தால் அதில் ஐந்திலொரு பங்கு சாம்பல். அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா. மலிவானதாயினும் கூட்டுப்பொருள் செய்வோருக்கு உமி முரட்டுப் பொருளாகும். மெழுகும் சிலிக்காவும் மூடிய அதன் வழுவழுப்பான தோலில் மாப்பசை பிடிக்காது. உமிப் பலகை செய்வோர் செயற்கைப் பிசினையே பெரிதும் நாட வேண்டியிருக்கின்றது. அப்பிசின் சேர்ந்தபின் பலகையை உக்கும் பொருளெனக் கொள்ளல் அரிது. கமக்காரர் உமியைக் காற்றுக் குறைவாக விட்டுக் கரியாகச் சுட்டு நாற்றுமேடைக்கு இடுவது அதனினும் நல்ல பயன்.

நாற்றுச் சாடி செய்யும் முறை

மரக்கறிச் செய்கையாளர் தாமே செய்து தாமே பயன்படுத்தக்கூடிய கூட்டுப்பொருள் நாற்றுச் சாடியாகும். கறுப்புப் பொலித்தீன் பைகளில் நாற்று வளர்ப்போர் நடும்போது பையைக் கிழித்து வரப்பிலே எறிகின்றனர். உழவின்போது அது துண்டுபட்டு மண்ணோடு கலக்கின்றது. சில ஆண்டுகளில் அத்தோட்டத்து மண்ணிற் கறுப்புத் துணுக்கில்லாத பிடி மண் கிடைப்பது அரிதாகும்.

சாடிக்குத் தும்புத்தூள், குறுந்தும்பு, நன்கு உக்கிய கூட்டெரு, மரவள்ளி மா ஆகிய நான்கும் வேண்டும். தும்புத்தூளை வாங்கியபடியே பயன்படுத்தலாகாது. உவர்நீரில் ஊறிய பொச்சிலிருந்து வருவதாயின் அதிற் சோடியமும் பொற்றாசியமும் மிகுந்திருக்கும். இளநாற்றின் வேர் கருகும். சாக்கிலிட்டு நல்ல நீரில் மும்முறை ஊறவைத்துப் பிழிதல் வேண்டும். வடியும் நீர் தேயிலைச் சாயம்போல் இருந்து படிப்படியாக வெளுக்கும்.

உலர்ந்த எடையிற் தும்புத்தூள் 6 பங்கு, கூட்டெரு 2 பங்கு, அரை விரல் நீளமாக நறுக்கிய தும்பு 1 பங்கு, மா 1 பங்கு என்பது தொடக்கத்துக்கு ஏற்ற அளவு. ஒவ்வொருவரும் தத்தம் பொருளின் தன்மைக்கேற்ப இதனைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். மாவைச் சிறிது குளிர்ந்த நீரிற் கட்டியின்றிக் கரைத்து, அதனினும் எட்டு மடங்கு கொதிநீரிற் சிறுகச் சிறுக ஊற்றிக் கிளறல் வேண்டும். வெண்மை மறைந்து கண்ணாடிபோல் தெளிந்தவுடன் இறக்கலாம். மாப்பொருள் மணிகள் 60 முதல் 70 பாகை செல்சியசு வரையிலேயே வெடித்துப் பசையாகின்றன. பச்சை மாவை நீரிற் கரைத்து ஊற்றுவோர் ஏமாற்றமடைவது இதனாலாகும். குருணல் அரிசி மலிந்த இடங்களில் அதனை அரைத்தும் பசை காய்ச்சலாம். மரவள்ளிக் கிழங்கை வீட்டிலேயே அரைத்து மா எடுப்போர், வடித்த நீரைக் கிணற்றருகிலோ மாடு குடிக்கும் தொட்டியருகிலோ ஊற்றலாகாது. அந்நீரில் நஞ்சு உண்டு.

பசை இளஞ்சூடாக இருக்கையில் ஏனைய மூன்றையும் சேர்த்துப் பிசைய வேண்டும். கையிற் பிடித்தாற் கொழுக்கட்டைபோல் நிற்கவேண்டும், நீர் சொட்டலாகாது. பெரிய பாற்பேணி ஒன்றின் உள்ளே இக்கலவையை இட்டு, சிறிய பேணி ஒன்றை நடுவில் வைத்து அழுத்தினாற் சாடி உருவாகும். சுவரின் தடிப்பு ஏழு அல்லது எட்டு மில்லிமீற்றர் போதும். பெரிய பேணியின் அடியில் ஒரு துளை இட்டுக்கொண்டால் தள்ளி எடுப்பது எளிது. நல்ல வெயிலில் மூன்று நான்கு நாட் காயவிட்டால் தட்டும்போது மரத்தட்டுப்போல் ஒலிக்கும். காய்ந்த சாடிகளை எலியும் கரப்பானும் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். மாப்பொருள் அவற்றுக்கும் உணவே.

இச்சாடி எல்லாப் பயிருக்கும் ஏற்றதன்று. பாகல், புடோல், வெள்ளரி, பூசணி ஆகியவற்றுக்கு வேர் குலைந்தால் வளர்ச்சி தடைப்படும். அவை விதைத்து இரண்டு மூன்று வாரத்திலேயே நடுகைக்கு வந்துவிடும். சாடியோடு நடுவதற்கு அவையே மிகப் பொருத்தமானவை. மிளகாய் நாற்றோ நான்கைந்து வாரம் மேடையில் நிற்க வேண்டியது. அதற்குள் மாப்பசைச் சாடி இளகிச் சரிந்துவிடும். மிளகாய்க்கு இறப்பரிட்ட தும்புச் சாடியை வாங்குதல், அல்லது மேடையில் வளர்த்துப் பிடுங்கி நடுதல் நன்று.

சாடிகளைத் தட்டில் நெருக்கி அடுக்காமல் காற்றோட்டம் விட்டு வைத்து, தட்டில் நீர் ஊற்றிக் கீழிருந்து ஊறவிடுதல் வேண்டும். மேலே பூவாளியால் அடித்தாற் சுவர் கரையும். சுவரில் வெள்ளைப் பூஞ்சணம் படர்வது உண்டு. அது மாவைத் தின்னும் பூஞ்சணமேயன்றிப் பெரும்பாலும் நாற்றைத் தாக்குவதன்று; எனினும் அது கண்டால் நீரைக் குறைத்தல் வேண்டும்.

சாடியோடு நட்ட பயிர் ஒரு வாரத்தில் மஞ்சளித்து நின்றுவிட்டதெனச் சிலர் முறையிடுவர். காரணம் பின்வருமாறு. தும்புத்தூளில் ஒரு பங்கு நைதரசனுக்கு நூறு பங்களவு காபன் உள்ளது. அதனை உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு நைதரசன் வேண்டும். சாடியில் இல்லாததால் அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. நாற்று பட்டினி கிடக்கின்றது. கலவையிற் கூட்டெரு சேர்ப்பது இதற்காகவே. அவ்வாறு சேர்த்தும் இலை வெளிறினால், நட்ட குழியைச் சுற்றிச் சாணக் கரைசலோ மிகச் சிறிதளவு யூரியாவோ இட்டாற் பச்சை திரும்பும்.

நடும்போது சாடியை நீரில் அமிழ்த்தி ஊறவைத்து, அடியை விரலாற் கீறிவிடுதல் நன்று. விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியக்கூடாது. வெளியே நிற்கும் விளிம்பு விளக்குத்திரிபோல் வேரடி ஈரத்தை உறிஞ்சி வெயிலில் ஆவியாக்கிவிடும். வேறெந்தத் தவறும் செய்யாதவர்கள்கூட இவ்வொன்றினால் நாற்றை இழக்கின்றனர்.

கடையில் விற்கப்படும் உக்கும் தாள்

உக்கும் பொலித்தீன் எனக் கூறி விற்கப்படும் பைகளும் மூடாக்குத் தாள்களும் மூவகைப்படும். முதலாவது, சாதாரண பொலித்தீனில் மருந்தொன்றைக் கலந்து வெயிலில் நொறுங்கச் செய்தது. அது கண்ணுக்கு மறையும், மண்ணிலிருந்து மறையாது. வரப்பிற் பொறுக்கி எடுக்கக்கூடிய ஒரு தாளைப் பொறுக்க முடியாத ஆயிரம் துணுக்காக்குவதால் கமக்காரருக்கு அது சாதாரண பொலித்தீனினும் தீயது. 2021 மே மாதத்திற் கொழும்புக்கு அப்பாற் கடலில் எக்சுபிரசு பேள் என்னும் கப்பல் எரிந்தபோது கரையொதுங்கிய பிளாத்திக்கு மணிகளை மணலிலிருந்து அரித்தெடுக்கப் பட்ட பாட்டைக் கண்டவர்கள், சிறு துணுக்கின் தொல்லையை அறிவர்.

இரண்டாவது வகை சோளம், கரும்பு முதலியவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பெற்ற அமிலத்திலிருந்து ஆக்கப்படுவது. அது உண்மையாகவே உக்கும். ஆயினும் 58 பாகை செல்சியசு அளவு வெப்பம் நெடுநாள் நிலைக்கும் பெரிய கூட்டெருக் குவியலிலேயே விரைந்து உக்கும். வயல் மண்ணில் அவ்வெப்பம் இல்லை. மூன்றாவது வகையில் மாப்பொருள் கலந்து, சாதாரண மண்ணிலேயே உக்கத்தக்கதாகச் செய்யப்பட்ட தாள்கள் அடங்கும். விலை கூடியதெனினும் மூடாக்குக்கு ஏற்றது இதுவே. ஐரோப்பிய நியமத்தின்படி, கூட்டெருவில் உக்கும் எனக் கூறப்படும் பொதியின் நூற்றுக்கு 90 பங்கு காபன் ஆறு மாதத்துள் காபனீரொட்சைட்டாக மாறுதல் வேண்டும். பையின்மேல் அச்சிட்ட பச்சை இலைப் படம் நியமமாகாது.

வாங்குமுன் சோதிக்க விரும்புவோர் தாளில் ஒரு சாண் வெட்டி, ஒரு துண்டு வாழையிலையும் ஒரு துண்டு பழுப்புக் காகிதமும் சேர்த்து, கம்பி வலைப் பையிலிட்டு ஈரமான கூட்டெருக் குவியலின் நடுவிற் புதைத்தல் வேண்டும். புதைத்த நாளைக் குறித்துக்கொண்டு மூன்று மாதத்தின்பின் தோண்டிப் பார்க்கலாம். இலையும் காகிதமும் மறைந்து தாள் மட்டும் முழுதாக இருந்தால் அது கமத்துக்கு உதவாது. தாள் துணுக்காகியிருந்தால் அத்துணுக்குகளை ஒரு பேணி நீரிலிட்டுக் கலக்க வேண்டும். விரலிடையில் நசுங்கிக் குழைந்தால் உக்குகின்றது எனக் கொள்ளலாம். நீட்டினால் இழுபட்டுப் பளபளத்தால் அது பொலித்தீனே. எரித்துப் பார்க்கும் சோதனையை எவரும் செய்யலாகாது. அப்புகை நுரையீரலுக்குக் கேடு.

சாடி செய்ய முற்படுவோர் முதற் போகத்தில் ஐம்பது சாடிக்கு மேற் செய்யாதிருத்தல் நன்று. அதே விதையைப் பாதி பழைய முறையிலும் பாதி சாடியிலும் இட்டு, ஒரே நாளில் ஒரே பாத்தியில் நட்டு, இருபதாம் நாளில் இரண்டையும் அருகருகே பார்த்து, அதன்பின்னரே அடுத்த போகத்துக்கு வேண்டிய அளவைத் தீர்மானித்தல் வேண்டும்.